பன்னிரண்டு எண்ணுவதற்குள்

புத்தகம் எழுதுகிற அம்மாள் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கே துளி என்கிற பார்டெண்டர் எலுமிச்சம்பழம் பிழிய உட்கார்ந்துவிட்டான். பிழிந்து முடித்தான். துடைத்து வைத்திருந்த கண்ணாடிக் கோப்பைகளை இன்னொரு தடவை துடைத்தான். அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, மூடினான்.

பகலில் மதுக்கூடத்தைப் பார்க்கக் கூடாது. விளக்கு வெளிச்சத்தில் தேக்குபோல் தெரிகிற பலகை, பகலில் பெயின்ட் அடித்த பலகைதான். நாற்காலிகள் மேஜைமேல் கால் தூக்கிக் கிடந்தன. தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. மூலை மேஜையில் முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே தேடிக்கொண்டிருந்தார்.

துளி என்பது அவன் பெயரல்ல. அளவுக் கிண்ணத்தில் ஒரு துளி கூடிவிட்டாலும் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுகிறவன் என்பதால் முதலாளி வைத்த பெயர். கல்லூரியில் வேதியியல் படித்தவன். "லேபுக்குப் போக வேண்டிய பையன், வழி தப்பி நம்ம கடைக்குள்ள நுழைஞ்சுட்டான்" என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

துளி செய்த காக்டெயிலின் பெயர் பன்னிரண்டு. விஸ்கி நாற்பத்தைந்து மில்லி, எலுமிச்சைச் சாறு இருபது, கருக்கிய சர்க்கரைப் பாகு இருபது, உப்புத் தண்ணீர் இரண்டு துளி. குலுக்கி, வடிகட்டி, ஒரே ஒரு பெரிய பனிக்கட்டியின் மேல் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். இதில் சூட்சுமம் பாகில் இருந்தது. சர்க்கரையை அடுப்பில் வைத்து, முதல் புகை கிளம்பிய நொடியிலிருந்து பன்னிரண்டு எண்ணி, அதன் பிறகு வெந்நீரை ஊற்றி நிறுத்த வேண்டும். அந்த எண்ணிக்கைதான் பெயராயிற்று.

ஒரு காக்டெயில் பிறந்த கடையில் விற்பது பெரிய விஷயமல்ல. பெயர் தெரியாத ஊரில், முகம் தெரியாத ஒரு பார்டெண்டரிடம் போய் அதன் பெயரைச் சொன்னால், அவன் "அது என்ன?" என்று கேட்காமல் பாட்டிலுக்குக் கை நீட்ட வேண்டும். அப்போதுதான் அது நிலைத்துவிட்டது என்று அந்தத் தொழிலில் ஒப்புக்கொள்வார்கள். ஒன்பது வருஷத்தில் பன்னிரண்டு அந்த இடத்துக்குப் போய்விட்டது. கடல் தாண்டியும் போயிருந்தது. இந்தத் தலைமுறையின் நிலைத்த காக்டெயில்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற அந்த அம்மாள், அதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி என்றும் எழுதியிருந்தார். ஏன் பன்னிரண்டு?

துளி பதினான்கு மாதமாக அந்தக் காக்டெயிலைச் செய்யவில்லை. குடிக்கவுமில்லை. யாராவது கேட்டால், பக்கத்தில் நிற்கும் இன்னொரு பார்டெண்டரிடம் தலையசைத்துவிட்டு வேறு வேலையில் இறங்கிவிடுவான். மனைவி இறந்துபோய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்து, பாவம், மனசு ஆறவில்லை என்று கடையில் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மனசு ஆறுவது ஆறாதது வேறு கதை. இது வேறு.

அவன் மனைவி அப்போது இந்தக் கடையின் சமையலறையில் வேலை பார்த்தாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பழம் நறுக்குவது, சாறு வடிகட்டுவது, பாகு காய்ச்சுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு நாள் வழக்கமான கண்ணாடி பாட்டிலுக்குப் பதில் பழுப்பு பாட்டிலில் பாகு வந்தது. துளி கவனிக்காமல் ஊற்றினான். குடித்த ஆள் கோப்பையைக் கீழே வைக்காமல், "இது என்ன? இன்னொண்ணு போடு" என்றார். துளி கரண்டி நுனியில் எடுத்து நக்கிப் பார்த்தான். வெறும் இனிப்பு இல்லை அது. இனிப்புக்கு அடியில் ஒரு கசப்பு, கசப்புக்கு அடியில் புகை.

சமையலறைக்கு ஓடிப்போய், "இன்னைக்குப் பாகுல என்ன பண்ணின?" என்று கேட்டான்.

"ஏன், நல்லா இருக்கா?" என்று திருப்பிக் கேட்டாள் அவள்.

"நல்லா இருக்காவா? நாளைக்கும் இதே வேணும். அச்சு அசலா இதே."

"பார்க்கலாம்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மறுநாளும் அதே பாகு வந்தது; புகை வந்ததும் பன்னிரண்டு எண்ணி நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவன் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். பாகு அவளுடையது; அதைச் சுற்றிக் கட்டியது எல்லாம் அவன். பழைய விஸ்கி போட்டால் புகைமேல் புகை ஏறி நெஞ்சை அடைத்தது. இளசான விஸ்கி தேவைப்பட்டது. எலுமிச்சை இருபத்தைந்தில் பல் கூசியது, பதினைந்தில் பாகு மேலே ஏறி உட்கார்ந்தது. முப்பத்தோராவது தடவைதான் உப்புத் தண்ணீர் தோன்றியது. இரண்டே துளி. கசப்பு வாயை மூடிக்கொண்டது.

அடுத்த வருஷம் ஒரு போட்டியில் அது முதல் பரிசு வாங்கியது. அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. மேடையில் மைக்கை நீட்டி, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்கள். "பல நாள் யோசிச்சு, நானே..." என்று அவன் வாயில் வந்துவிட்டது. வேண்டுமென்றே சொல்லவில்லை. வந்துவிட்டது. "பதினொன்றில் நிறுத்தினால் இனிப்பு மிச்சமிருக்கும், பதிமூன்றில் கசப்பு கெட்டுப்போகும், ஆகவே பன்னிரண்டு" என்று விளக்கம் வேறு. கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். தோள் குலுங்கியது அவனுக்கு மேடையிலிருந்தே தெரிந்தது.

அன்று வீட்டில், "என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. தூசி" என்றாள்.

அதோடு சரி. அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தான். நாள் இருக்கவில்லை.

இன்றைக்கு அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தான். அச்சில் ஏறினால் ஏறினதுதான். அதற்கு முன்னால் பாகு மனைவியின் பெயரில் போய்ச் சேர வேண்டும். தன் பெயர் நாறினால் நாறட்டும்.

சமையலறையில் அவன் கொழுந்தியாள் சர்க்கரையை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா படுத்த படுக்கையானபோது, அவளுக்குப் பதில் நாலு நாள் சமையலறையைப் பார்த்துக்கொள்வதாக வந்தவள். அப்படியே நின்றுவிட்டாள். வாய் மட்டும் ஒரு நிமிஷம் நிற்காது.

"மாமா, சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. மேல ஒண்ணு அநாதையா நிக்குது."

அவன் குனிந்து பார்த்துச் சரிசெய்தான்.

"இன்னைக்கு அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றான்.

"எந்த உண்மை?"

"பாகு எப்படி வந்துச்சுங்கறது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "எதுக்கு மாமா? ஒன்பது வருஷம் மூடி வச்சதை இப்ப எதுக்குக் கிளறணும்? அக்கா இருந்தா ஒத்துக்கவே மாட்டா."

அவன் நிமிர்ந்தான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? எனக்குத் தெரியாம அக்கா ஒரு தும்மல் போட்டிருக்காளா?"

அப்படியானால் அவள் தங்கையிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. கூடத்துக்குத் திரும்பி வந்து, துடைத்த கோப்பைகளை மறுபடி துடைத்தான்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் கனத்த பை, கையில் முனை மழுங்கிய பென்சில். நாற்காலியை அவரே இறக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளி எழுந்து வந்து, தான் யார், கடை எப்போது திறந்தது, முன்னால் இங்கே என்ன இருந்தது எல்லாம் சொன்னார். அம்மாள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

"ஏழு ஊர்ல உங்க பன்னிரண்டைக் குடிச்சிருக்கேன்" என்றார் துளியைப் பார்த்து. "ஒரு ஊர்ல ஓட்டப்பந்தயத்துக்கு வைக்கிற கடிகாரத்தை அடுப்புப் பக்கத்துலயே தொங்க விட்டிருக்காங்க. இன்னொரு ஊர்ல ரெண்டு பார்டெண்டருக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லை. ஒருத்தர் வேகமா எண்ணணுங்கறார், ஒருத்தர் மெதுவா எண்ணணுங்கறார். கடைசியில ஆளுக்கொரு பாட்டில் வச்சிருக்காங்க."

"யாரு சரி?" என்றார் முதலாளி.

"அதைக் கேக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

"அதுக்கு ஒரு பெரிய கதை இருக்கு மேடம்." முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்தக் கதையை அவர் குறைந்தது இருநூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று வளரும். "ஒரு நாள் இவன் வர்றான். முகம் வாடிக் கிடக்கு. முதலாளி, உலகத்துல இல்லாத ஒண்ணு பண்ணப் போறேங்கறான். நான் சொன்னேன், பண்ணுடா, நான் இருக்கேன். அம்பது தடவை..."

"முப்பத்தொண்ணு" என்றான் துளி.

"முப்பத்தொண்ணு தடவை! சோறு தண்ணி இல்லாம..."

"அது பொய்ங்க."

முதலாளி வாயைத் திறந்தபடி நின்றார். அம்மாள் பென்சிலை நிமிர்த்தினார். "எது பொய்?"

"சோறு தின்னேன். அது வேற. நான் கண்டுபிடிச்சேங்கறது பொய்." துளி பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. "பாகு என் மனைவி பண்ணது. பன்னிரண்டுங்கற கணக்கும் அவளோடது. அவதான் யோசிச்சுப் பண்ணா. நான் மேடையில என்னோடதுன்னு சொல்லிட்டேன். அவ எழுந்து போயிட்டா. அழுதா. அப்புறம் ஒரு வார்த்தை கேக்கல என்னை. இப்ப இல்லை அவ. புத்தகத்துல அவ பேரைப் போடுங்க. என் பேரை எடுத்துடுங்க."

அவ்வளவுதான்.

சமையலறைக் கதவு தடாலென்று திறந்தது. கொழுந்தியாள் கையில் கரண்டியோடு நின்றாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாமா" என்றாள். "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"ஐயோ கடவுளே!" கரண்டியைப் பலகைமேல் வைத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாள். "படுக்கையில இருந்தப்ப அக்கா சொல்லியிருப்பா, தெரிஞ்சுக்கிட்டே கடைப் பேருக்காக நடிக்கிறீங்கன்னு இல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்! மாமா, அக்கா ஒண்ணையும் யோசிக்கல. யோசிக்கவே இல்ல. அடுப்புல வச்சதை மறந்துட்டா. கருகிப் போச்சு!"

துளி அவளையே பார்த்தான்.

"கருகிப் போச்சுன்னா?"

"கருகிப் போச்சுன்னா கருகிப் போச்சு. அன்னைக்கு நான்தான் போன் பண்ணேன். இந்தச் சமையலறைக்குள்ள சிக்னல் கிடையாது, தெரியும்ல? சர்க்கரையை அடுப்புல வச்சுட்டுப் பின்வாசல்ல போய் நின்னு பேசறா. கால் மணி நேரம். என்ன பேசினா தெரியுமா? உங்களைப் பத்தி."

அம்மாள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எழுத ஆரம்பித்திருந்தார்.

"என்னைப் பத்தியா?"

"திட்டிக்கிட்டிருந்தா. 'இங்க ஒருத்தன் இருக்கான்டி. வடிகட்டின சாறைத் திருப்பி வடிகட்டச் சொல்றான். ஐஸ் சதுரமா இல்லைன்னு திருப்பி அனுப்பறான். ஒரு துளி கூடிப் போச்சுன்னா ஊரே முழுகிப்போற மாதிரி மூஞ்சியை வச்சுக்கறான். இவன்கூட வேலை செய்யறதுக்கு ரோட்டுல கல்லு உடைக்கலாம்'. இதெல்லாம் அவ சொன்னது, நான் சொல்லல. நான் வேற சும்மா இருக்காம, 'பேசாம அவனையே கட்டிக்கோ, வீட்ல வச்சு நிம்மதியாத் திட்டலாம்'னேன். 'செருப்பால அடிப்பேன்'னா. உடனே 'ஐயோ, புகை'ன்னு ஒரு கத்தல். புகை போற ஃபேன் பின்வாசலுக்கு மேலதானே இருக்கு? அதுல வருது புகை. போனைக் கட் பண்ணல. கையில பிடிச்சுக்கிட்டே ஓடறா. தப்பு தப்புன்னு செருப்புச் சத்தம் எனக்குக் கேக்குது."

முதலாளி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதுக்கு முந்தின வாரம்தான், சட்டியைத் தீச்சதுக்கு ஒரு சமையல்காரனை நீங்க வீட்டுக்கு அனுப்பியிருந்தீங்க" என்றாள் கொழுந்தியாள் அவரைப் பார்த்து. "அக்காவுக்கு உயிரே போயிடுச்சு. கடை திறக்கப் பத்து நிமிஷம். வேற சர்க்கரையும் இல்லை. வெந்நீரை ஊத்தி, கலக்கி, நிறம் தெரியக் கூடாதுன்னு பழுப்பு பாட்டில்ல ஊத்தி அனுப்பிட்டா. வேலை போச்சுன்னு பையை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அப்பத்தான் மாமா ஓடிவந்து, 'நாளைக்கும் இதே வேணும்'னு நிக்கறார்!"

"அப்ப பன்னிரண்டு?" என்றார் அம்மாள்.

"மறுநாள் அவளுக்கு எப்படிப் பண்றதுன்னே தெரியல மேடம். எவ்வளவு நேரம் கருகிச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதனால மறுபடி சர்க்கரையை வச்சுட்டுப் பின்வாசல்ல போய் நின்னா. ஃபேன்ல புகை வந்ததும், முதல் நாள் ஓடின மாதிரியே ஓடிவந்தா. எண்ணிக்கிட்டே ஓடிவந்தா. பன்னிரண்டு வந்துச்சு."

அம்மாளின் பென்சில் நின்றுவிட்டது. "அதாவது உலகம் பூரா பார்டெண்டருங்க அடுப்பு முன்னால நின்னு எண்ணறது..."

"பின்வாசல்லேருந்து அடுப்புக்கு எங்க அக்கா ஓடின நேரம்."

துளிக்கு ஒன்று தோன்றியது. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கரண்டியை எடுத்துத் துடைத்தான்.

"போட்டியில" என்றான். "எழுந்து போனாளே. அழுதுக்கிட்டே."

"அழுதாளா?" கொழுந்தியாள் அவனை வினோதமாகப் பார்த்தாள். "மாமா, 'பதினொன்றில் இனிப்பு மிச்சம், பதிமூன்றில் கசப்பு கெட்டுப்போகும்'னு நீங்க கையை ஆட்டி ஆட்டி விளக்கம் சொன்னீங்க. அவளால சிரிப்பை அடக்க முடியல. கைக்குட்டையை வாயில அடைச்சுக்கிட்டு வெளிய ஓடிவந்துட்டா. நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரும் படிக்கட்டுல உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சோம். காவல்காரர் தண்ணி கொண்டுவந்து குடுத்தார்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"நானும் சொன்னேன், சொல்லித் தொலைடின்னு. 'வேண்டாம், பாவம், அவர் எவ்வளவு அழகா எண்ணறார். சொல்லிட்டா எண்ணறதை விட்டுடுவார்'னா. பத்தாவது கல்யாண நாள்ல சொல்றதா வச்சிருந்தா. பார்க்க ஆசையா இருக்கும்னா, உங்க முகத்தை." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான்தான் பார்க்கறேன் இப்ப."

துளி இரண்டு கைகளையும் பலகைமேல் வைத்தான். ஏழெட்டு வருஷமாக உள்ளங்காலில் இருந்த முள், இப்போது பார்த்தால் முள்ளே இல்லை. அது போன இடத்தில் என்ன செய்வதென்று காலுக்குத் தெரியவில்லை.

அம்மாள் பையிலிருந்து செல்போனை எடுத்தார். "எனக்கு இதைச் சரிபார்க்கணும்."

"எதை?"

"ஓட்டத்தை."

அதன் பிறகு நடந்தது எந்த மதுக்கூடத்திலும் நடந்திராது. கொழுந்தியாள் பின்வாசலில் போய் நின்றாள். அம்மாள் அடுப்பருகே செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி நடுவில் நின்று, "ரெடியா? ஓடு!" என்று கத்தினார். அவள் பழப் பெட்டிகளைச் சுற்றி, பனிக்கட்டி இயந்திரத்தைத் தாண்டி, சரக்கறை மூலையில் திரும்பி, மூச்சிரைக்க அடுப்பைத் தொட்டாள்.

"ஒன்பது" என்றார் அம்மாள். குரலில் ஏமாற்றம்.

"அப்ப கதை தப்பு" என்றார் முதலாளி.

"தப்பில்ல." துளிதான் சொன்னான். எல்லோரும் திரும்பினார்கள். "அவ இப்படி ஓட மாட்டா. ஷூ போட மாட்டா. ரப்பர் செருப்பு. அதுவும் ஒரு அளவு பெருசு. எத்தனை தடவை சொல்லியும் பெருசுதான் வாங்குவா. கால் பரப்பிக்க இடம் வேணும்பா."

பாத்திரம் கழுவுமிடத்தில் பொதுவாக எல்லோரும் மாட்டிக்கொள்கிற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. கொழுந்தியாளுக்கு அது பெரிசு. மாட்டிக்கொண்டு மறுபடி பின்வாசலுக்குப் போனாள். "காதுல போன் வேற இருக்கணும்" என்று அங்கிருந்து கத்தி, செல்போனையும் காதில் வைத்துக்கொண்டாள். முதலாளி கையைத் தூக்கினார்.

தப்பு தப்பு தப்பு என்று சத்தம் வந்தது. பழப் பெட்டி ஒன்று காலில் இடறியது. "ஐயோ, அம்மா" என்றாள். சரக்கறை மூலையில் ஒரு செருப்பு கழன்று, நின்று மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

துளி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

"பன்னிரண்டு" என்று அம்மாளும் அவனும் ஒன்றாகச் சொன்னார்கள்.

கொழுந்தியாள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலாளி சிரித்தார். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு துளிக்கும் வந்தது. முதலில் இருமல்போல ஒன்று. அப்புறம் நிறுத்த முடியவில்லை. கைக்குட்டையைத் தேடினான், இல்லை. மேஜை துடைக்கிற துணியால் முகத்தை மூடிக்கொண்டு, பனிக்கட்டி இயந்திரத்தின் மேல் சாய்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. பார்த்தவர்கள் அவன் அழுகிறான் என்றே நினைத்திருப்பார்கள்.

முதலாளிதான் முதலில் தெளிந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார். "அந்தச் சட்டி எங்க?"

"எந்தச் சட்டி?" என்றாள் கொழுந்தியாள், ரொம்ப அப்பாவியாக.

"கருகின சட்டி. அந்தச் சமயத்துல என் கடையில அடி கனமான சட்டி ஒண்ணு காணாமப் போச்சு. அடுப்பு ரிப்பேர் பண்ண வந்த ஆள்தான் எடுத்துட்டான்னு இன்னைக்கு வரைக்கும் எதிர்ல வந்தா முகம் குடுத்துப் பேசறதில்ல நான்."

"அது... அக்கா துணிப் பைக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டா. தேச்சுத் தேச்சுப் பார்த்தா, போகல. தூக்கிப் போட மனசு வரல. அடியில ரெண்டு ஓட்டை போட்டு..."

"கத்தாழை" என்றான் துளி.

வீட்டு ஜன்னல் ஓரத்தில் இருந்தது அது. பதினான்கு மாதமாக வீட்டில் அவன் தவறாமல் செய்த ஒரே வேலை, சனிக்கிழமை காலையில் அந்தச் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவது. ஏன் ஒரு செடியைச் சட்டியில் வைத்திருக்கிறாள் என்று அவன் கேட்டதில்லை. தொட்டி வாங்கச் சோம்பல் என்று நினைத்திருந்தான்.

"சரி, நான் இன்னும் குடிக்கல" என்றார் அம்மாள்.

எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். கொழுந்தியாள் ஆறிய பாகைப் பழுப்பு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். துளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். விஸ்கி நாற்பத்தைந்து. எலுமிச்சை இருபது. பாகு ஊற்றும்போது அளவுக் கிண்ணத்தில் ஒரு துளி கூடிவிட்டது. அதைப் பார்த்தான். தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினான்.

"பார்த்தீங்களா மேடம்?" என்றாள் கொழுந்தியாள். "இதைத்தான் கால் மணி நேரம் திட்டினா."

உப்புத் தண்ணீர், இரண்டு துளி. குலுக்கினான். கை மறக்கவில்லை. உலோகத்தில் பனி பூத்து விரல் மரத்துப்போகிற அந்த நொடியில் நிறுத்தி, இரண்டு கோப்பைகளில் பனிக்கட்டியின் மேல் பாதிப் பாதியாக வடிகட்டினான். ஒன்றை அம்மாள் பக்கம் தள்ளினான். இன்னொன்றைத் தானே எடுத்துக்கொண்டான்.

இனிப்பு முதலில் வந்தது. அடியில் கசப்பு. அதற்கும் அடியில் புகை. கருகின வாசனைதான் அது, வேறொன்றுமில்லை. இத்தனை நாள் அதில் பெரிய யோசனை ஒன்று இருப்பதாக நினைத்துக் குடித்திருக்கிறான்.

"எப்படி எழுதட்டும்?" என்று அம்மாள் கேட்டார். "கண்டுபிடிச்சது யாருன்னு போட?"

"நான்தான்" என்றாள் கொழுந்தியாள். "போன் பண்ணது யாரு?"

"சட்டி யாரோடது?" என்றார் முதலாளி.

அம்மாள் துளியைப் பார்த்தார்.

"கருக்கினது அவ" என்றான் துளி. "உப்பு நான். ரெண்டு பேரையும் போடுங்க. அவ பேர் முன்னால."

"ஏன் பன்னிரண்டுங்கறதுக்கு?"

"செருப்புன்னு போடுங்க."

அவர் போட்டுக்கொண்டார். நிஜமாகவே அந்த ஒரு வார்த்தையைத் தனியாக எழுதி, அடியில் கோடும் போட்டார்.

அம்மாள் கிளம்பிப் போனபின் நாற்காலிகளை இறக்கினார்கள். இன்னொரு பார்டெண்டர் வந்து சேர்ந்தான். அவனிடம் கொழுந்தியாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை கால் மணி நேரம் அரை மணி நேரமாகியிருந்தது.

"டேய் துளி" என்றார் முதலாளி. "அந்தச் சட்டியை நாளைக்குக் கொண்டாந்துடு. இங்க சுவத்துல மாட்டி வைக்கலாம். வர்றவன் பார்ப்பான்."

"தர மாட்டேன் முதலாளி."

"என் சட்டிடா அது!"

"அதுல கத்தாழை இருக்கு."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த அடுப்புக்காரனையாவது கூப்பிட்டு ஒரு கோப்பை குடு. பாவம், ஒன்பது வருஷம்" என்று முணுமுணுத்தபடி, நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டு போனார்.

கதவைத் திறந்ததும் முதலில் வந்து உட்கார்ந்த இரண்டு பேர் பன்னிரண்டு கேட்டார்கள். இன்னொரு பார்டெண்டர் பழக்கத்தில் பழுப்பு பாட்டிலுக்குக் கை நீட்டினான்.

"விடு" என்றான் துளி. "நான் போடறேன்."